பிளான் பேப்பரில் இருக்கும்போதே வீட்டைக் குளிர வைப்பது எப்படி?

வீடு கட்டப் போகிறீர்கள், கொத்தனார் இன்னும் வரவில்லை என்றால் இதைப் படிக்கச் சரியான நேரம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதுதான் காரணம். அதனால் ஏசி அதிகம் ஓடத் தேவையில்லாதபடி வெயிலை வெளியிலேயே நிறுத்தப் பாருங்கள். ஏசி பற்றிய பேச்சு கடைசியில்.

முதலில் பிளானில் மேற்குச் சுவரைப் பென்சிலால் குறியுங்கள். மாலை வெயில் தாழ்ந்து வருவதால் அங்கே சன்ஷேட் அதிகம் உதவாது. மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளுங்கள். வாஸ்துப்படி தென்மேற்கில்தான் மாஸ்டர் பெட்ரூம் என்று வீட்டில் பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால் சண்டை வேண்டாம். அந்த அறைக்கு மேற்கு ஜன்னலை விட்டுவிட்டுத் தெற்கில் வையுங்கள். தெற்கில் வெயில் உயரத்தில் இருப்பதால் இரண்டு அடி சன்ஷேட் நன்றாகவே வேலை செய்யும். வடக்கில் வெயிலே வராது என்பார்கள், நம்பாதீர்கள். சென்னையில் மே முதல் ஆகஸ்ட் முதல் பாதி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும். அங்கும் சன்ஷேட் போடுங்கள்.

அடுத்தது மொட்டை மாடி. தனி வீட்டில் அதிகச் சூடு இறங்குவது இந்த வழியாகத்தான், பட்ஜெட்டில் முதல் பணம் இதற்கே. தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் முடித்து, மேலே வெள்ளை கூலிங் டைல்ஸ் பதியுங்கள். கையில் காசு இருந்தால் டைல்ஸுக்கு அடியில் வெப்பம் கடத்தாத ஃபோம் பலகையும் போடலாம். தளத்துக்கு மேலே போட்டால்தான் கான்கிரீட் சூடேறாது. காசு இல்லையா? சுண்ணாம்பு அடியுங்கள். மழையில் கரையும், வருஷா வருஷம் கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். டைல்ஸ் என்றாலும் தூசி படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பாது, கழுவ வேண்டும்.

சுவருக்கு, கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ‘ராட் டிராப்’ கட்டு நல்லது. செங்கலைப் படுக்க வைக்காமல் அதன் நீள விளிம்பில் நிறுத்தி, நடுவில் காற்று இடைவெளி விடுவார்கள். செங்கல் கால் பங்கு மிச்சம், சிமெண்டும் குறையும். சிமெண்ட் தயாரிப்பிலும் ஏகப்பட்ட கார்பன் வெளியாகிறதே. ஆனால் வயரிங் பைப் எங்கே போகும் என்று முன்பே முடிவுசெய்யுங்கள், பிறகு சுவரைக் குடைவது சிரமம். இந்தக் கட்டு பழகிய கொத்தனார்தான் வேண்டும்.

ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வேறு சுவர்களில் ஜன்னல் வையுங்கள், காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகட்டும்.

அப்புறம் ஃபேன். சாதா ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரம் இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். தினம் 12 மணி நேரம் என்றால் ஒரு ஃபேனிலேயே வருடத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். ஏசி எத்தனை டன் என்று கடைக்காரரிடம் கேட்பது மாடி வேலை முடிந்த பிறகு இருக்கட்டும். பல அறைகளுக்குச் சின்னதே போதும்.