தோள் வலியோடு காருக்கு வேக்ஸ் போடுவது எப்படி

எனக்கு வலது தோளில் பிடிப்பு உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிற தொல்லை இது. ஆனாலும் மதுரை வெயிலில் நிற்கும் என் வேகன்ஆருக்கு நானேதான் வேக்ஸ் போடுகிறேன். வேலையைக் குறைத்துக்கொண்டால் வலியும் குறைகிறது.

முதலில், பாலிஷ் வேறு, வேக்ஸ் வேறு. பாலிஷ் பெயின்ட்டின் மேல்பூச்சை நுணுக்கமாகத் தேய்த்தெடுத்துக் கீறலைப் போக்கும். வேக்ஸ் அதன்மேல் பாதுகாப்பாகப் படியும். கையை ஒடிப்பது பாலிஷ்தான். அது அடிக்கடி தேவையும் இல்லை. போடப் போட மேல்பூச்சு மெலிந்துவிடும். கீறல் கண்ணை உறுத்தாதவரை, கழுவிவிட்டு வேக்ஸ் மட்டும் போடுங்கள்.

வேக்ஸிலும் பூசுவது எளிது, துடைத்தெடுப்பதுதான் சிரமம். அப்பிப் பூசினால் பளபளப்பு அதிகமாகாது, துடைக்கிற வேலைதான் அதிகமாகும். ஒரு கதவுக்குச் சுண்டைக்காய் அளவு போதும். காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுவாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். பானட் சூடாக இருந்தால் வேக்ஸ் இறுகிப்போகும், அதனால் காலை வெயில் ஏறுமுன், நிழலில். தோள் ரொம்ப மோசமாக இருக்கும் நாட்களில் டப்பா வேக்ஸைத் தொடவே வேண்டாம். ஈரக் காரில் அடித்துத் துடைக்கும் ஸ்ப்ரே வேக்ஸ் கிடைக்கிறது. அவ்வளவு நாள் தாங்காது, ஆனால் தேய்க்கும் வேலை மிச்சம்.

அடுத்தது உயரம். கை எப்போதும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கட்டும். கூரைக்கு ஆடாத, அகலமான படியில் ஏறி, இந்தப் பக்கத்தில் பாதி, அந்தப் பக்கத்தில் பாதி. எட்டி எட்டித் தேய்க்காதீர்கள். பம்பருக்கும் கதவின் கீழ்ப்பகுதிக்கும் குட்டை முக்காலி போட்டு உட்காருங்கள். குனிந்தபடி செய்தால் இடுப்பு போய்விடும். துணியை இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையை விரித்துத் தேய்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் கை மாற்றுங்கள்.

பாலிஷ் போட்டே ஆக வேண்டுமென்றால் மெஷின்தான். வீட்டுக்கு டூயல் ஆக்ஷன் வகை (தேய்க்கும் பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும்) நல்லது. ஒரே அச்சில் மட்டும் சுழலும் ரோட்டரி வகை கையை இழுக்கும், ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட்டையும் சுட்டுவிடும். பானட்டிலும் கூரையிலும் மெஷினின் எடையே பெரும்பாலும் போதும், அழுத்த வேண்டாம். கதவில் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அங்கே சீக்கிரம் ஓய்வு எடுங்கள். ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டால் காலில் சிக்காது. அதிர்வில் விரல் மரத்தால் உடனே நிறுத்துங்கள்.

அப்புறம், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இன்று கூரையும் பானட்டும், நாளை கதவுகளும் டிக்கியும். மறுநாள் தொடங்குமுன், அன்று தேய்க்கப்போகும் பக்கங்களை மட்டும் மறுபடி கழுவி ஈரம் ஒற்றிவிடுங்கள். இரவில் படிந்த தூசியோடு தேய்த்தால் புதுக் கீறல் விழும்.