நடிப்பு கத்துக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

நடிக்கணும்னு ஆசை வந்ததும் நிறைய பேர் பண்றது என்னன்னா, கண்ணாடி முன்னாடி நின்னு அழுது பாக்குறது, கோவப்பட்டு பாக்குறது, இல்லன்னா பிடிச்ச நடிகரோட வசனத்த அவர் குரல்லயே பேசி பாக்குறது. ஆர்வத்துல பண்றது தப்பில்ல, ஆனா அதுலயே ரெண்டு வருஷம் போயிடுச்சுன்னா அந்தப் பழக்கத்த கழட்டவே தனியா உழைக்க வேண்டியிருக்கும், ஏன்னா கண்ணாடியில பழகுனவங்களுக்கு கவனம் பூரா தன் மூஞ்சி மேலயே இருக்கும், எதிர்ல நிக்கிற ஆள் மேல போகவே போகாது. நடிப்புல பாதிக்கு மேல அந்த எதிர்ல நிக்கிற ஆள்தாங்க. அவர்கிட்ட இருந்து உங்களுக்கு ஏதோ ஒண்ணு வேணும், அத வாங்குறதுக்கு கெஞ்சுறீங்க, மிரட்டுறீங்க, சிரிச்சு மழுப்புறீங்க, அப்ப தானா வர்றதுதான் உணர்ச்சி. கீழ சொல்லப்போற எல்லாமே இதுக்காகத்தான்.

முதல்ல உடம்பு. இதுக்கு ஜிம் பாடி தேவையில்ல, சொன்னத கேக்குற உடம்பு வேணும். தினமும் காலையில ஒரு அரை மணி நேரம் கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, முழங்கால்னு ஒவ்வொரு மூட்டா இளக்கி விடுங்க, அப்புறம் சும்மா நடங்க. வேகமா, மெதுவா, நெஞ்ச முன்னாடி தள்ளி, வயித்த முன்னாடி தள்ளி, தலைய குனிஞ்சுன்னு மாத்தி மாத்தி நடந்து பாருங்க, நடை மாறுனா மனசுக்குள்ள என்ன மாறுதுன்னு கவனிங்க. வடமாவட்டங்கள்ல திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல தெருக்கூத்து நடக்குற ஊர் பக்கத்துல இருந்தா ஒரு ராத்திரி பூரா உக்காந்து பாருங்க. கிரீடம், தோள்ல கட்டுற புஜகீர்த்தி, மார்ப்பதக்கம்னு அவ்ளோ கனத்த கட்டிகிட்டு அடவுங்கற ஆட்ட அடி போட்டு, சுத்தி, கூடவே முகவீணைங்கற ஊதுகுழலுக்கும் ஆர்மோனியத்துக்கும் மேல குரல ஏத்திப் பாடி விடியற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறாங்களே, அந்த மூச்சு எங்க இருந்து வருதுன்னு பாத்தாலே நமக்கு எவ்ளோ வேலை பாக்கி இருக்குன்னு தெரிஞ்சிடும். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977ல சென்னையில கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவ தொடங்குனப்ப தெருக்கூத்துதான் அவருக்கு பெரிய உந்துதல், புரிசை கண்ணப்ப தம்பிரான் மாதிரி கூத்து வாத்தியார்கள்கிட்ட அங்க நடிகர்கள் கத்துகிட்டாங்க. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்க இருந்து வந்தவங்க. அவங்க சும்மா நிக்கிற சீன்லயும் உடம்பு முழிச்சிருக்கும், ஒரு தடவ அத மட்டும் கவனிச்சு பாருங்க.

அடுத்து குரல். மல்லாக்க படுத்து வயித்து மேல ஒரு புத்தகம் வச்சு, மூச்சு இழுக்கும்போது அது மேல வருதா, விடும்போது கீழ போகுதான்னு பாருங்க, தோள் தூக்குச்சுன்னா மூச்சு மேல நெஞ்சுலயே நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் வாய மூடிகிட்டு ம்ம்ம்னு முனகி உதடு அதிர வைங்க, அதுல இருந்து மெதுவா ஆ, ஏ, ஓன்னு வாய திறங்க. ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, யாரு தச்ச சட்டை தாத்தா தச்ச சட்டை, இதெல்லாம் சின்ன வயசு விளையாட்டுன்னு விட்டுடாதீங்க, மெதுவா ஆரம்பிச்சு வேகத்த கூட்டுங்க, ல ள ழ மூணும் தனித்தனியா கேக்கணும். இன்னொண்ணு, கத்துறது வேற, குரல் போய் சேருறது வேற. தொண்டை எரியுதுன்னா தப்பா பண்றீங்க, அங்கயே நிறுத்துங்க.

வட்டார வழக்கு பத்தி ஒரு வார்த்தை. வரிக்கு வரி "லே" போட்டா நெல்லை, "ஏனுங்க" போட்டா கோயம்புத்தூர்னு நினைக்கிறது அந்த ஊர்க்காரங்களுக்கு செய்யுற அவமரியாதை. அந்த ஊர்ல பொறந்து வளர்ந்த ஒருத்தர ஒரு மணி நேரம் பேச விட்டு அவர் சம்மதத்தோட ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, எந்த இடத்துல இழுக்கிறாரு, எந்த இடத்துல முழுங்குறாரு, கேள்வி கேக்கும்போது குரல் எங்க ஏறுதுன்னு கேளுங்க. அந்த ராகம் பிடிபட்டா வார்த்தை தானா வரும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், சீன் எப்படி ஒர்க் பண்றது. ரஷ்யாவுல ஸ்தானிஸ்லாவ்ஸ்கின்னு ஒருத்தர், 1898ல மாஸ்கோ ஆர்ட் தியேட்டர சேர்ந்து தொடங்குனவர், நடிகர் எப்படி தயாராகணும்னு வாழ்நாள் பூரா யோசிச்சவர். அவர் கேக்கச் சொன்ன கேள்விகள் ரொம்ப எளிமையானது: நான் யாரு, எங்க இருக்கேன், இது என்ன நேரம், இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எனக்கு என்ன வேணும், எது குறுக்க நிக்குது. இத ஒரு வரிய வச்சு பாக்கலாம். "எப்ப வந்தே?" அவ்ளோதான் வசனம். அக்கா கதவ திறக்குறா, தம்பி நிக்கிறான், இவ கேக்குறா.

சூழ்நிலை தெரியாம இத நூறு விதமா பேசலாம், நூறும் வெறும் சத்தம்தான். இப்ப சூழ்நிலைய போடுவோம். அப்பா நிலத்த பாகம் பிரிச்சப்ப சண்டை போட்டுட்டு போன தம்பி ரெண்டு வருஷமா போன் கூட பண்ணல, அப்பா உள் ரூம்ல படுத்த படுக்கையா இருக்காரு, இப்பதான் கண் அசந்தாரு, மணி ராத்திரி பதினொன்னு. அக்காவுக்கு என்ன வேணும்? அவன் உள்ள வரணும், அப்பாவ பாக்கணும், ஆனா கெஞ்சி கூப்பிட மாட்டா. அப்ப "எப்ப வந்தே" எப்படி வருது பாருங்க, குரல் தானா தணியும் ஏன்னா அப்பா தூங்குறாரு, கை கதவ முழுசா திறக்கவும் செய்யாது மூடவும் செய்யாது. இப்ப ஒண்ணே ஒண்ண மாத்துங்க. அக்காவுக்கு வேண்டியது அவன் உடனே போயிடணும், ஏன்னா உள்ள அவளோட வீட்டுக்காரர் இருக்காரு, பாத்தா அடிதடி ஆயிடும். அதே வரி, அதே தணிஞ்ச குரல், ஆனா உடம்பு கதவ அடைச்சு நிக்கும், கண்ணு பின்னாடி பின்னாடி போகும். ரெண்டுலயும் "சோகமா பேசு"ன்னோ "பயந்து பேசு"ன்னோ யாரும் சொல்லல, என்ன வேணும்ங்கறத மட்டும்தான் மாத்துனோம்.

அதனால ஸ்கிரிப்ட் பேப்பர் கையில வந்ததும் வரிக்கு பக்கத்துல "சோகம்", "கோவம்"னு எழுதாதீங்க, அத எழுதுனா அதத்தான் மூஞ்சில பூசிக்குவீங்க. வினைச்சொல்லா எழுதுங்க. குத்திக்காட்டுறேன், சமாதானப்படுத்துறேன், நோட்டம் விடுறேன், மடக்குறேன், இப்படி. எங்க வினை மாறுதோ அங்க ஒரு கோடு போடுங்க. ரெண்டு பக்க சீன்ல அஞ்சாறு கோடு வந்தாலே அந்த சீன் உங்க கைக்குள்ள வந்துடும்.

இது எதுவும் நமக்கு புதுசு இல்லங்கறது எனக்கு ரொம்ப சந்தோஷமான விஷயம். தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு, நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோவம்), உவகை (மகிழ்ச்சி)ன்னு எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்புல வெளிப்படுற உணர்ச்சி. அதுல ஒவ்வொண்ணும் எதுல இருந்து பிறக்குதுன்னு நாலு நாலா காரணம் சொல்லியிருக்கு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது ஒருத்தர் நம்மள கேவலப்படுத்துனதுல வர்ற அழுகை வேற, இழந்ததுல வர்றது வேற, நல்லா இருந்த நிலை தாழ்ந்து போனதுல வர்றது வேற, இல்லாமையில வர்றது வேற. உங்க கேரக்டர் அழுவுறாங்கன்னா இதுல எந்த அழுகைன்னு கேட்டு பாருங்க, பாதி வேலை முடிஞ்சிடும். நடிப்பு படிக்கிற எல்லாரும் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி கூடவே இந்த இயலையும் உரையோட படிக்கணும்னு நான் உறுதியா சொல்வேன்.

அடுத்தது கேக்குறது, காதால கேக்குறத சொல்றேன். புதுசா நடிக்கிறவங்க எதிராளி பேசும்போது தன் அடுத்த வரிய மனசுக்குள்ள ஓட்டிகிட்டு இருப்பாங்க, கண்ண பாத்தாலே தெரிஞ்சிடும். இத சரி பண்ண அமெரிக்காவுல சான்ஃபோர்ட் மைஸ்னர்ங்கற ஆசிரியர் கொண்டு வந்த ஒரு பயிற்சி இருக்கு. ரெண்டு பேர் எதிர் எதிர்ல உக்காருங்க, ஒருத்தர் மத்தவர்கிட்ட கண்ணால பாத்த ஒண்ண சொல்லணும், "நீ கைய பிசையிற." அவர் "நான் கைய பிசையிறேன்"னு திருப்பி சொல்லணும். அதே வரிய மாத்தி மாத்தி சொல்லிகிட்டே இருங்க, புதுசா ஏதாவது கண்ணுல பட்டா மட்டும் வரி மாறலாம். முதல் அஞ்சு நிமிஷம் சிரிப்பு வரும், அப்புறம் போர் அடிக்கும், அதுக்கப்புறம் திடீர்னு ஒருத்தருக்கு எரிச்சல் வரும், அது குரல்ல ஏறும், மத்தவர் அத கேட்டு மாறுவாரு. அந்த இடத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி. வாரம் ரெண்டு தடவ ஒரு பார்ட்னரோட இத பண்ணுங்க, தனியா வீடியோ பாத்து கத்துக்கிறதுல இது கிடைக்கவே கிடைக்காது.

வசனம் மனப்பாடம் பண்றப்ப ஏத்த இறக்கம் எதுவும் வேண்டாம், தட்டையா, பாத்திரம் விளக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லி சொல்லி பாருங்க. ராகத்தோட மனப்பாடம் பண்ணிட்டா செட்ல டைரக்டர் வேற மாதிரி கேக்கும்போது வாய் மாறாது. உங்க வரிய மட்டும் படிக்காதீங்க, அதுக்கு முன்னாடி வர்ற எதிராளி வரியையும் சேத்து படிங்க.

கண்ணீர் வரவைக்கிறது எப்படின்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. சொந்த வாழ்க்கையில நடந்த துக்கத்த நினைச்சு அழுவுறது ஒரு வழி, அமெரிக்காவுல நடிப்பு சொல்லிக்குடுத்த லீ ஸ்ட்ராஸ்பெர்க் அத ரொம்ப வலியுறுத்துனாரு, ஆனா ஸ்தானிஸ்லாவ்ஸ்கி கடைசி காலத்துல உடம்பால செய்யுற செயல்கள் பக்கம் திரும்பிட்டாரு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆறாத புண்ண தினமும் கிளறி பன்னெண்டு டேக் அழ முடியாது, அப்படி பண்ணி ராத்திரி தூக்கம் போனவங்க இருக்காங்க. அதுக்கு பதிலா, அழக்கூடாதுன்னு முயற்சி பண்ணுங்க. நிஜத்துல மனுஷங்க அழுகைய அடக்கத்தான் பாப்பாங்க, புடவைய மடிப்பாங்க, தண்ணி மொண்டு குடிப்பாங்க, பேச்ச மாத்துவாங்க. கையில ஒரு வேலைய குடுத்து அத முடிக்க பாருங்க. சீன் முடிஞ்சதும் மூஞ்ச கழுவி, கூட நடிச்சவர அவரோட நிஜப் பேர் சொல்லி கூப்பிட்டு பேசி அதுல இருந்து வெளிய வந்துடுங்க, இதயும் பயிற்சியோட ஒரு பகுதியா வச்சுக்கோங்க.

கேமரா வந்தா என்ன மாறுது? அளவு மட்டும்தான். க்ளோசப்ல கண்ணு ஒரு பக்கம் நகர்ந்தாலே பெரிய சேதி, தூரத்துல இருந்து முழு ஆளும் தெரியுற வைட் ஷாட்ல நடை பேசணும். அதனால ஷாட் என்ன சைஸ்னு அசிஸ்டென்ட் டைரக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, கேக்குறதுல தப்பே இல்ல. தரையில நிக்கச் சொல்லி குறிச்ச மார்க்ல சரியா நிக்க தெரியணும், எந்த வார்த்தையில டம்ளர தூக்குனீங்கன்னு ஞாபகம் இருக்கணும், அடுத்த ஷாட்லயும் அதே இடத்துல தூக்கணும். நம்ம ஊர் செட்ல பக்கத்துல இருந்து வசனத்த எடுத்துக் குடுக்கிறது, அதாவது பிராம்ப்ட் பண்றது சகஜம், அத கேட்டு கேட்டு பேசுனா எதிராளிய கேக்குறது போயிடும், முடிஞ்ச வரைக்கும் வசனத்தோட போங்க. பல படங்கள்ல பின்னாடி டப்பிங்ல அதே சீன திரும்ப பேசணும், அப்ப உதவறது அந்த மூச்சுப் பயிற்சிதான், ஓடி வந்து பேசுன சீன்னா டப்பிங் ரூம்லயும் கொஞ்சம் குதிச்சுட்டு பேசுங்க.

எங்க கத்துக்கிறது? டெல்லியில தேசிய நாடகப் பள்ளி இருக்கு, 1959ல ஆரம்பிச்சது, முழு நேரமா படிக்க முடிஞ்சா முயற்சி பண்ணுங்க. வேலைக்கு போய்கிட்டே கத்துக்கணும்னா உங்க ஊர்ல தொடர்ந்து நாடகம் போடுற குழு எதுன்னு தேடி போங்க, முதல்ல செட் தூக்குற வேலை குடுத்தாலும் செய்ங்க, ஒத்திகைய ஓரமா உக்காந்து பாக்குறதே பெரிய கிளாஸ். அந்த காலத்துல பையன்கள வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில சிவாஜி கணேசன் மாதிரி ஆளுங்க ஸ்திரீபார்ட்ங்கற பெண் வேஷத்துல இருந்து எல்லா வேஷமும் கட்டித்தான் வளர்ந்தாங்க.

ஆடிஷனுக்கு செல்ஃப் டேப், அதாவது நீங்களே எடுத்த வீடியோ அனுப்புறப்ப போன படுக்க வசத்துல, கண் உயரத்துல வைங்க, பின்னாடி வெறும் சுவர், வெளிச்சம் மூஞ்சிக்கு முன்னாடி இருந்து வரணும். எதிர் வசனம் பேசுற ஆள லென்ஸுக்கு பக்கத்துல நிக்க வச்சு அவர பாத்து பேசுங்க. பேர், வயசு, உயரம் சொல்லி நேரா, ரெண்டு பக்கவாட்டுன்னு காட்டிட்டு சீனுக்கு போங்க. செலக்ட் பண்ண, ரிஜிஸ்டர் பண்ண, போர்ட்ஃபோலியோ எடுக்கன்னு யாராவது ஆடிஷன்ல பணம் கேட்டா குடுக்காதீங்க, நடிக்க கூப்பிடுறவங்கதான் உங்களுக்கு பணம் தரணும். ராத்திரி நேரத்துல, லாட்ஜ் ரூம்ல ஆடிஷன்னு சொன்னா யாரா இருந்தாலும் போகாதீங்க, ஆபீஸ்ல பகல்ல வைக்க சொல்லி கேளுங்க, கூட ஒரு ஆள கூட்டிட்டு போங்க.