வீட்டுக்குள்ளேயே மண்புழு உரம்: காய்கறிக் கழிவு போதும்

பால்கனி இல்லாத வீட்டிலும் மண்புழு உரம் தயாரிக்கலாம். வெயில் படாத ஒரு மூலை இருந்தால் போதும்.

முதலில் புழு. தோட்டத்தைத் தோண்டினால் கிடைப்பவை பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கி வாழ்பவை, இதற்குச் சரிவராது. மட்கும் குப்பையிலேயே வாழும் ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே, நம் நாட்டு பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். வேளாண் அறிவியல் நிலையத்திலோ உரப் பண்ணையிலோ விசாரியுங்கள். கால் கிலோ போதும்.

அடுத்து, 30 லிட்டர் அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப். ஆழத்தைவிட அகலம் முக்கியம். அடியிலும் பக்கங்களிலும் சூடான கம்பியால் சிறு துளைகள் போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

டப்புக்குள் அரையடி உயரத்துக்குப் படுக்கை: அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு, கிழித்த செய்தித்தாள், இரண்டு வாரம் ஆறப்போட்ட மாட்டுச் சாணம். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். மட்கும்போது சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும்.

ஈரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கினாலும் சாகும். படுக்கையில் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த காகிதம் கிழித்துப் போடுங்கள்.

புழுவை விட்டு இரண்டு நாள் தொந்தரவு செய்யாதீர்கள். அப்புறம் பொடியாக நறுக்கிய கழிவு ஒரு கைப்பிடி, ஒரு மூலையில் புதைத்து மூடுங்கள். அது கரைந்த பிறகே அடுத்த மூலை. ஆசையில் மொத்தமாகக் கொட்டிவிட்டால் புழு தின்பதற்குள் அழுகி, புளித்த நாற்றம் வரும். அப்படி வந்தால் உணவை நிறுத்திவிட்டு லேசாகக் கிளறிவிடுங்கள்.

கீரைத்தண்டு, வாழைப்பழத்தோல், அலசிய டீத்தூள், பொடித்த முட்டை ஓடு எல்லாம் போடலாம். எலுமிச்சை, வெங்காயம், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி கூடாது.

எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தெளித்து, டப்பைத் தாங்கும் செங்கற்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்படி தட்டில் ஊற்றி வையுங்கள். கோடையில் 35 டிகிரியைத் தாண்டினால் மேலே ஈரச் சாக்கு போடுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் படுக்கை கறுத்துக் குருணையாகிவிடும். உணவை நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் காகிதத்தின் மேல் குவியலாகக் கொட்டுங்கள். புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து அடியில் இறங்கும்; மேலாக வழித்து எடுங்கள். கடுகைவிடச் சற்றுப் பெரிதாக மஞ்சள் உருண்டைகள் தென்பட்டால் எறியாதீர்கள், அவை முட்டைக் கூடுகள். புழுக்களோடு சேர்த்துப் புதுப் படுக்கையில் விடுங்கள்.