பிள்ளைகளை மாயேபூருக்கு அழைத்துப்போய் வரலாறு சொல்வது எப்படி

பள்ளிப் புத்தகத்தில் மொரீஷியஸின் ஐரோப்பியக் காலம் மூன்று வரியில் முடிந்துவிடும். டச்சுக்காரர் இறங்கியது 1598, பிரெஞ்சுக்காரர் கொடி ஏற்றியது 1715, ஆங்கிலேயர் பிடித்தது 1810. பரீட்சைக்கு இது போதும், மனதில் நிற்கப் போதாது. ரோஸ் ஹில்லில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைத் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மாயேபூருக்குக் கூட்டிப் போவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். மற்ற வகுப்பு மிஸ்களும் பெற்றோர்களும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அந்த முறையை எழுதுகிறேன்.

வேலை அதற்கு முந்தைய வாரமே தொடங்கிவிடும். இந்தியப் பெருங்கடல் முழுவதும் தெரிகிற வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். ஒரு சிவப்பு நூலைப் போர்ட் லூயியில் குத்தி, மறுமுனையைச் சென்னைக்கு இழுங்கள். 1735-ல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். கல் தச்சரும் மர வேலைக்காரருமாக வந்தவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். அதே லபூர்தொனே 1746-ல் இங்கிருந்து கப்பற்படையோடு போய்ச் சென்னையைப் பிடித்தார். 1810-ல் ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பிடிக்க வந்தபோது அவர்களுடைய படையில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஒரே நூல்தான், முதலில் இங்கிருந்து அங்கே, அப்புறம் அங்கிருந்து இங்கே. இதைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, "அப்போ நம்ம ஆட்கள் ரெண்டு பக்கமும் இருந்தாங்களா?" என்று கேட்கும். கேட்க விடுங்கள், உடனே பதில் சொல்ல வேண்டாம். அன்றைய நாள் முழுக்கப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி அதன் தங்கைதான்: இந்த வேலையை யாருடைய கைகள் செய்தன?

அடுத்து லெ ஜென்டீல் கதை. இந்தக் கதைக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்து போவதைப் பல இடங்களிலிருந்து அளந்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். அதற்காகப் பிரான்சிலிருந்து 1760-ல் கிளம்பிய வானியலாளர் அவர். புதுச்சேரிக்குப் போக வேண்டியவர் முதலில் நம் தீவுக்கு வந்தார். இங்கிருந்து கப்பல் கிடைத்து இந்தியக் கரையை நெருங்கும்போது, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்ற செய்தி வந்தது. கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது, ஆனால் அவர் நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் இருந்தார். அங்கிருந்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. அடுத்த கடப்பு 1769-ல். எட்டு வருடம் காத்திருந்து புதுச்சேரியில் கருவிகளோடு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. புதுச்சேரியில் இருந்தபோது தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டு அதைப் பிரெஞ்சில் எழுதினார் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். அறிவு ஒரு பக்கமிருந்து மட்டும் வந்ததாகப் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

மீதி நேரத்தில் ஒரு சோதனை. மேசையில் ஒரு திசைகாட்டியை வையுங்கள். வீட்டில் ஃபராத்தா சுடும் இரும்புத் தாவாவை மெல்ல அருகே கொண்டு வாருங்கள். முள் திரும்பும். தாவாவைச் சுற்றி நகர்த்தினால் முள்ளும் மாறி மாறி நிற்கும். ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் எடுத்த ஆங்கிலேயர் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1803 டிசம்பரில் ஓட்டைக் கப்பலோடு நம் தீவின் தெற்கே பே தியு காப்பில் வந்து ஒதுங்கினார். அவருடைய அனுமதிச் சீட்டில் இருந்தது வேறு கப்பலின் பெயர். இரு நாட்டுக்கும் போர்க்காலம், பிரெஞ்சு ஆளுநர் தெக்கான் ஆறு வருடத்துக்கு மேல் அவரைப் பிடித்து வைத்திருந்தார். கப்பலிலுள்ள இரும்பு திசைகாட்டியை எப்படி ஏமாற்றுகிறது என்பதைச் சிறைப்பட்ட அந்தக் காலத்தில் அவர் ஆராய்ந்து எழுதினார். அதைச் சரிசெய்யும் இரும்புத் தண்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவரோடு கடல் சுற்றிய ட்ரிம் என்ற பூனை இந்தத் தீவில்தான் காணாமல் போனது. சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முதலில் சொல்வது பூனையைத்தான், பரவாயில்லை.

சரி, பயண நாள். திங்கட்கிழமை வேண்டாம், மாயேபூரில் சந்தை நாள், கூட்டத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடியாது. க்யூர்பீப் வழியாகப் பஸ் பிடியுங்கள். தொப்பி, தண்ணீர், ஆளுக்கு ஒரு நோட்டு, பென்சில். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் அருங்காட்சியகம், அப்புறம் கடற்கரை. மாயேபூர் கிழக்கே பார்த்த ஊர், காலையில் வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும். தண்ணீர் பளபளக்கும், அடியில் இருப்பது தெரியாது. உச்சி வெயிலில் போனால் ஆழமில்லாத இடம் வெளிர்பச்சையாகவும் கப்பல் போகும் ஆழமான கால்வாய் கருநீலமாகவும் பிரிந்து தெரியும். அந்த நிறத்தை நோட்டில் வரையச் சொல்லுங்கள். 1810 ஆகஸ்டில் இங்கே நடந்த கிராண்ட் போர்ட் சண்டையின் பாதிக் கதை அந்த இரண்டு நிறத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலேயர் முதலில் வளைகுடாவின் வாயிலில் இருக்கும் இல் தெ லா பாஸ் தீவைப் பிடித்து, அங்கே பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டுப் பிரெஞ்சுக் கப்பல்களை ஏமாற்றி உள்ளே இழுத்தார்கள். பிறகு நான்கு போர்க்கப்பல்களோடு தாக்க வந்தார்கள். சிரியஸும் மஜிசியேனும் பவளத்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டன. சொந்த மாலுமிகளே அவற்றைக் கொளுத்த வேண்டியதாயிற்று. மற்ற இரண்டும் பிரெஞ்சுக்காரர் கையில் போயின. பாரிஸின் வெற்றி வளைவில் இந்தச் சண்டையின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் டிசம்பர் 3-ஆம் தேதியே தீவு ஆங்கிலேயரிடம் சரணடைந்துவிட்டது, வடக்குக் கரையில் இறங்கிய பெரும்படையிடம்.

இதைப் புல்வெளியில் விளையாட்டாகச் செய்து காட்டலாம். எல்லோருடைய செருப்பையும் தாறுமாறாகப் பரப்பி, அதைப் பவளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி நடக்கவிடுங்கள். அப்புறம் செருப்புகளின் இடம் தெரிந்த இன்னொரு பிள்ளை கையைப் பிடித்து நடத்தட்டும். பீரங்கியைவிட வழி தெரிந்தவர் ஏன் முக்கியம் என்பது அப்போது விளங்கிவிடும்.

அருங்காட்சியகத்தில் ஒரு விஷயம் உங்கள் கவனத்துக்கு. அந்தக் கட்டடம் சண்டை நடந்த நாளில் ஒரு வீடு. காயம்பட்ட பிரெஞ்சுத் தளபதி துப்பெரேயும் ஒரு கண்ணை இழந்த ஆங்கிலத் தளபதி வில்லோபியும் அங்கேயே சிகிச்சை பெற்றார்கள். எல்லோரும் இதைப் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1835-ல்தான். அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தது யார், இரத்தத் துணி துவைத்தது யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் கதையைப் பயணத்தன்று எடுக்க வேண்டாம். அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அகலத் தொட்டியில் சேறு கரைத்து, வேகவைத்துக் கழுவிய கோழி எலும்புகளையும் குச்சிகளையும் கலந்து போடுங்கள். உடைந்த, கூரான எலும்பு வேண்டாம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலை விட்டு, பார்க்காமல் எலும்பையும் குச்சியையும் பிரித்துச் சொல்லட்டும். சிரிப்பும் கூச்சலும் அடங்கிய பிறகு 1865-க்கு வாருங்கள். மாயேபூரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் கிளார்க், இப்போதைய விமான நிலையத்தின் பக்கத்திலிருக்கும் மார் ஓ சோஞ் சதுப்பில் டோடோ எலும்பு தேடினார். கூலிகளைச் சதுப்பின் நடுவே இறக்கினார். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவி எலும்புகளை எடுத்தார்கள். லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அவற்றை வைத்து டோடோவின் உடலமைப்பை விவரித்து 1866-ல் புகழ் பெற்றார். கிளார்க் பெயரும் இருக்கிறது, ஓவன் பெயரும் இருக்கிறது. இறங்கியவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களைத் தமிழர் என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். கூலிகள் என்பதோடு கிளார்க்கின் எழுத்து நின்றுவிடுகிறது, நாமும் அங்கேயே நிற்பதுதான் நேர்மை.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் பாம்பிளமூஸ் தோட்டம். 1770-ல் டச்சுக்காரர் காவலை மீறி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை வரவழைத்த பியர் புவாவ்ர் உருவாக்கிய தோட்டம் அது. அல்லிக் குளத்தில் போட்டோ எடுத்ததும் தாளிப்பனைகளின் பக்கம் போய்விடுங்கள், அந்த ஓலையில் நம் முன்னோர் எழுதியிருக்கிறார்கள். கீழே விழுந்த ஓலைத் துண்டு கிடைத்தால் காவலாளியிடம் கேட்டு எடுத்து, காய வைத்து, ஊசியால் ஆளுக்கொரு பெயர் கீறி, கரியைத் தேய்த்துத் துடைக்கச் சொல்லுங்கள்.