மன்னார் அண்ட் கம்பெனி தெரியாதவரிடம் பேசும்போது

ஓ.எம்.ஆர். அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டிய மேலாளர் ஒரு பில்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மன்னார் அண்ட் கம்பெனி மாதிரி இருக்கே" என்கிறார். எதிரே நிற்கும் புதுப் பையன் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு, சீட்டுக்குப் போய் வெண்டர் பட்டியலில் 'மன்னார்' என்று தேடுகிறான்.

1959-இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில், அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பதாக மனைவியிடம் புளுகுவார் தங்கவேலு. அன்றிலிருந்து டுபாக்கூர் நிறுவனத்துக்கெல்லாம் அதுதான் பெயர். பையன் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? தலையாட்டியதைப் புரிந்ததாக எடுத்துக்கொண்டதுதான் மேலாளரின் தவறு. நம்மூரில் பெரியவர் பேசினால் புரியாவிட்டாலும் தலை ஆடும். அதற்காகத் தங்கவேலு காமெடியை முழுசாக விளக்க உட்காராதீர்கள், அது இன்னும் கொடுமை. "கம்பெனி நிஜமா இருக்கான்னு ஜி.எஸ்.டி. நம்பரைப் போட்டுப் பாருப்பா" என்று கூடவே ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

தெரியாதவரைக்கூடச் சமாளித்துவிடலாம். அதே கதையை வேறு மாதிரித் தெரிந்து வைத்திருப்பவரிடம்தான் நாம் வசமாக மாட்டிக்கொள்கிறோம். ஆபீசுக்கு லேட்டாக வருகிறவரைக் கும்பகர்ணன் என்கிறோம். அவர் மயிலாப்பூர் கம்பன் விழாவில் முன்வரிசையில் உட்காருகிற ஆளாக இருந்தால்? கம்பனின் கும்பகர்ணன், சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடமே சொன்னவன். அண்ணன் கேட்கவில்லை. வீடணன் வந்து கூப்பிட்டும் கட்சி மாறாமல், சாவு நிச்சயம் என்று தெரிந்தே போர்க்களத்தில் நின்றவன். நீங்கள் கிண்டல் செய்ததாக நினைப்பீர்கள், அவர் பாராட்டாக வாங்கிக்கொண்டு போவார்.

இராவணன் விஷயம் இன்னும் வில்லங்கம். அவனையே நாயகனாக்கிப் புலவர் குழந்தை எழுதிய 'இராவண காவியம்' வெளிவந்தது 1946-இல். அதைத் தடை செய்தார்கள், 1971-இல்தான் தடை நீங்கியது. அந்த வாசிப்பில் வளர்ந்த குடும்பங்கள் சென்னையில் நிறைய. ஒருவரை இராவணன் என்று திட்டும் முன், கேட்பவர் வீட்டு அலமாரியில் எந்த இராமாயணம் இருக்கிறதோ என்று யோசிப்பது நல்லது.

சென்னைக்கே உரிய ஒரு வசனம், "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்." இதற்கு நான் எந்தத் திருத்தமும் சொல்லப் போவதில்லை, விட்டுவிடுங்கள். 1794-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையில் அண்ணனுக்கோ அம்மாவுக்கோ மாத்திரை வாங்க வரிசையில் நின்றவர் உங்கள் பக்கத்து சீட்டிலேயே இருக்கலாம். அவர் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டார். எல்லாரோடும் சேர்ந்து லேசாகச் சிரிப்பார், அப்புறம் வீட்டு விஷயம் எதையும் உங்களிடம் பேசமாட்டார். வியாசர்பாடிக்காரர் என்றதும் சினிமா ரவுடியைப் பேச்சில் இழுப்பதும் இதே ரகம்தான். கால்பந்துக்கும் கேரமுக்கும் பேர்போன ஏரியா அது.

வாட்ஸ்அப்பைச் சொல்லாமல் விட முடியாது. "சம்பளம் எப்போ சார்?" என்று கேட்டவருக்கு வடிவேலு ஸ்டிக்கர் பதிலாகப் போகிறது. ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. கட்ட வேண்டியவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? முதலில் தேதியைச் சொல்லுங்கள், ஸ்டிக்கர் அதற்குப் பிறகு வரட்டும்.

கிரிக்கெட் உவமைக்கும் இதே கதிதான். "தோனி மாதிரி கடைசி ஓவர்ல முடிச்சிடலாம்" என்றால் சேப்பாக்கம் ரசிகர்கள் எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்தக் கடைசி ஓவர் ஒருவருக்கு வியாழக்கிழமை, இன்னொருவருக்கு வெள்ளி ராத்திரி பதினொன்றரை. மீட்டிங் முடிந்து எழுந்திருக்கும் முன் கிழமையையும் மணியையும் போர்டில் எழுதிவிடுங்கள்.