ஸ்லீப் ஆப்னியா உறுதியானபின் என்ன செய்வது? சிபாப் சிகிச்சையின் முதல் வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருப்பது பரிசோதனையில் உறுதியாகி, இனி இரவுதோறும் மாஸ்க் அணிந்து, மூச்சுப்பாதைக்குத் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப் என்னும் கருவியின் துணையோடு உறங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, நோயைவிடச் சிகிச்சையே பெரிய தொல்லையாகத் தோன்றுவது இயல்பு. கருவி தன் வேலையைச் செய்யாததால் இந்தச் சிகிச்சை பயனற்றுப்போவது குறைவு. மாஸ்க் பொருந்தாமை, மூக்கடைப்பு, வாய் உலர்தல் போன்ற, எளிதில் சரிசெய்யக்கூடிய தொல்லைகளைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, பின்னர் ஒருநாள் வெறுத்துப்போய்க் கருவியை அலமாரியில் வைத்துவிடுபவர்களே அதிகம். எனவே முதல் வாரங்களில் தேவைப்படுவது பொறுமையைக் காட்டிலும், எந்தத் தொல்லைக்கு எது காரணம் என்று கண்டறிந்து உடனே மாற்றிக்கொள்ளும் முனைப்புதான்.

அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

நம் நாக்கின் அடிப்பகுதியையும் தொண்டைச் சுவரையும் விரித்துப் பிடித்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியால் மூச்சுப்பாதை குறுகிவிடுகிறது அல்லது முழுவதுமாக மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடினாலும் காற்று உள்ளே செல்வதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்கிப் பாதையைத் திறக்கிறது. இந்த விழிப்புகள் மிகக் குறுகியவை என்பதால் காலையில் நினைவில் நிற்பதில்லை. அதனால்தான் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அசதியோடு எழுபவர்கள், தாங்கள் நன்றாகத்தான் உறங்கினோம் என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

மூச்சு குறைந்தது 10 விநாடிகள் நின்றால் அது ஒரு ஆப்னியா. முழுமையாக நிற்காமல் காற்றோட்டம் கணிசமாகக் குறைந்து, அதனால் ஆக்சிஜன் குறைவோ விழிப்போ ஏற்பட்டால் அது ஹைப்போப்னியா. ஒரு மணி நேர உறக்கத்தில் இவ்விரண்டும் சேர்ந்து சராசரியாக எத்தனை முறை நிகழ்கின்றன என்பதே அறிக்கையில் உள்ள ஏஹெச்ஐ எண். பெரியவர்களுக்கு இது 5க்குக் குறைவாக இருந்தால் இயல்பு நிலை. 5 முதல் 15க்குள் இருந்தால் லேசானது. 15 முதல் 30க்குள் இருந்தால் நடுத்தரம். 30ஐத் தொட்டுவிட்டால் தீவிரம்.

இந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், நிம்மதி கொள்ளவும் வேண்டாம். ஆக்சிஜன் அளவு எவ்வளவு தாழ்ந்தது, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது, மல்லாந்து படுத்தபோது மட்டும் எண் கூடியதா, தடைகள் தொண்டை அடைப்பால் வந்தவையா அல்லது மூச்சிழுக்கும் கட்டளையை மூளையே அனுப்பாததால் வந்த மையவகையா என்ற விவரங்களையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சிகிச்சையைத் தீர்மானிப்பவை இவைதாம். வீட்டில் செய்யப்படும் எளிய பரிசோதனைகளில் பெரும்பாலானவை மூளையலைகளைப் பதிவு செய்வதில்லை. உறங்கிய நேரத்துக்குப் பதிலாகப் பதிவான மொத்த நேரத்தால் வகுப்பதால், அவை நோயின் தீவிரத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். அறிகுறிகள் பலமாக இருந்தும் அத்தகைய பரிசோதனையில் எண் குறைவாக வந்தால், ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு தங்கி முழுப் பரிசோதனை செய்துகொள்வதே சரி.

கருவி கைக்கு வரும்வரை

பகலில் கண்கள் செருகும் நிலை இருந்தால் வாகனம் ஓட்டுவதையும் ஆபத்தான இயந்திரங்களை இயக்குவதையும் சிகிச்சை பலன் தரும்வரை நிறுத்திவைக்க வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. மதுவும், தூக்க மாத்திரைகளில் சிலவும், ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளைத் தளர்த்துவதாலோ மூச்சுக்கான உந்துதலைக் குறைப்பதாலோ நிலைமையை மோசமாக்கும். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பதும் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திக்கொள்வதும் பலருக்கு ஓரளவு உதவுகின்றன.

கருவி என்ன செய்கிறது?

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் முதன்முதலாகப் பயன்படுத்தி, 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட முறைதான் இன்றைய சிபாப்பின் தொடக்கம். கருவி அறையிலுள்ள காற்றையே இழுத்து, மெல்லிய அழுத்தத்தில் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. இது ஆக்சிஜன் சிகிச்சை அல்ல. உங்களுக்காக மூச்சுவிடும் வென்டிலேட்டரும் அல்ல. அழுத்தம் வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்கும். தானியங்கி வகைக் கருவிகள் மூச்சின் போக்கைக் கவனித்து, அந்த வரம்புக்குள் இரவு முழுவதும் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன.

மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்தல்

கருவியின் மாதிரியைப் பற்றி நாள்கணக்கில் ஆராய்பவர்கள்கூட, மாஸ்க் விஷயத்தில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உண்மையில் உறக்கத்தைக் கெடுப்பதும் காப்பதும் மாஸ்க்தான். மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய தலையணை வகை, மூக்கை மூடும் வகை, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகை என்று மூன்று பெரும்பிரிவுகள் உள்ளன. மூக்கால் தடையின்றி மூச்சுவிட முடிபவர்கள் முதல் இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. பரப்பு சிறியது என்பதால் கசிவும் குறைவு, அடைபட்ட உணர்வும் குறைவு. முழு மாஸ்க் அணிபவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. எனவே வாயால் மூச்சுவிடும் பழக்கம் இருக்கிறது என்பதற்காக உடனே அதற்குத் தாவாமல், மூக்கடைப்பைக் குணப்படுத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்த நிலையில் கச்சிதமாக இருக்கும் மாஸ்க், படுத்ததும் முகத்தசைகள் இடம்மாறுவதால் கசியத் தொடங்கும். ஆகையால் கருவியை ஓடவிட்டு, வழக்கமாக உறங்கும் நிலையில் படுத்து, இரு பக்கமும் புரண்டு பார்த்த பின்னரே வார்களைச் சரிசெய்ய வேண்டும். கசிந்தால் இறுக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் காற்றால் உப்பி முகத்தோடு ஒட்ட வேண்டிய மெத்தை, இறுக்கும்போது நசுங்கி, கசிவு இன்னும் கூடுகிறது. வார்களைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றே இழுத்து மீண்டும் உட்கார வைப்பதுதான் முறை. காலையில் மூக்குத்தண்டில் நெடுநேரம் மறையாத சிவந்த தடம் இருந்தால், அது இறுக்கம் அதிகம் என்றோ அளவு தவறு என்றோ சொல்கிறது. மாற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

சில மாஸ்க்குகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர், உடலுக்குள் பொருத்திய டிஃபிபிரிலேட்டர், மூளை ரத்தநாளக் கிளிப் போன்றவை உங்களுக்கோ உங்கள் அருகில் உறங்குபவருக்கோ இருந்தால், காந்தமில்லாத மாஸ்க்கை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

முதல் இரவுகள்

மாஸ்க்கை முகத்தில் வைத்ததும் மூச்சு முட்டுவதுபோல் பதற்றம் வருபவர்கள், இரவில் விளக்கணைத்த பிறகு அதோடு மல்லுக்கட்டக் கூடாது. பகலில், வாசிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ, முதலில் குழாயை இணைக்காமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துப் பழகுங்கள். பிறகு வாரைக் கட்டியும், அதன்பின் கருவியை ஓடவிட்டும், சில நாட்கள் பழகிய பிறகு ஒரு பகல் குட்டித்தூக்கத்தையும் அதனோடு முயலுங்கள். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தணிந்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அழுத்தம் குறைவாகத் தொடங்கிச் சில நிமிடங்களில் மெல்ல உயரும் ‘ராம்ப்’ வசதியும், மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தணிக்கும் வசதியும் பெரும்பாலான கருவிகளில் உள்ளன. ஒரு எச்சரிக்கை: ராம்ப் தொடக்க அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் காற்றுப் போதவில்லை என்ற உணர்வே வரும், அப்போது அதைக் குறைக்காமல் கூட்டுவதுதான் தீர்வு.

உறக்கத்தில் அறியாமல் மாஸ்க்கைக் கழற்றிவிடுவது தொடக்கத்தில் பலருக்கும் நேர்கிறது. விழித்ததும் மறுபடி அணிந்துகொண்டால் போதும்.

தொல்லைகளும் தீர்வுகளும்

காலையில் வாய் பாலைவனமாகியிருந்தால், பெரும்பாலும் உறக்கத்தில் வாய் திறந்து காற்று அதன் வழியே வெளியேறுகிறது என்று பொருள். ஈரப்பதமூட்டியின் அளவைக் கூட்டிப் பாருங்கள். மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்க் கரைசலால் கழுவுவதும், மருத்துவர் பரிந்துரைத்தால் ஸ்டீராய்டு மூக்குத்தெளிப்பானும் உதவும். அவற்றுக்குப் பிறகும் தொடர்ந்தால் தாடைப்பட்டையோ முழு மாஸ்க்கோ பரிசீலிக்கலாம். மாறாக, குழாயில் நீர் திரண்டு முகத்தில் சொட்டினால், குளிர்ந்த அறையில் ஈரக்காற்று குழாய்க்குள் குளிர்ந்துவிடுகிறது; ஈரப்பதத்தைக் குறைக்கலாம், குழாய்க்கு உறை போடலாம், அல்லது சூடேற்றும் குழாய்க்கு மாறலாம். காற்று உணவுக்குழாயில் இறங்கி வயிறு உப்பினால் அழுத்த அமைப்பைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அழுத்தத்தை நீங்களாகக் குறைத்துவிடுவது சரியல்ல. கண்கள் எரிந்து சிவந்தால் மாஸ்க்கின் மேல்விளிம்பில் கசிவைத் தேடுங்கள்.

சுத்தம் செய்வதில் பெரிய நுட்பம் எதுவுமில்லை. முகத்தைத் தொடும் மெத்தையை நாள்தோறும், குழாயையும் நீர்த்தொட்டியையும் வாரம் ஒருமுறை, மென்மையான சோப்புக் கரைசலில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் சாதனங்களைத் தவிருங்கள். அவை நுரையீரலை உறுத்துவதோடு கருவியின் பாகங்களையும் கெடுக்கக்கூடும்.

எண்களைக் கவனித்தல்

பயன்படுத்திய நேரம், கசிவு, சிகிச்சையின்போதும் எஞ்சியிருக்கும் ஏஹெச்ஐ ஆகிய மூன்றையும் இன்றைய கருவிகள் பதிவு செய்கின்றன. ஒரே ஓர் இரவின் எண்ணை வைத்துக் கவலைப்படாமல், வாரச் சராசரியைப் பாருங்கள். எஞ்சிய ஏஹெச்ஐ 5க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு. அது உயர்ந்தே இருந்தால் முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும். கசிவு குறைந்தும் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் பதிவுகளைக் காட்ட வேண்டும், ஏனெனில் சிலருக்குச் சிகிச்சை தொடங்கியதும் மையவகைத் தடைகள் தலைகாட்டுகின்றன. அவை பலருக்கும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே குறையும் என்றாலும் கண்காணிப்பு தேவை.

இரவுக்கு 4 மணி நேரம் அணிந்தால் போதும் என்று கேள்விப்படுவீர்கள். அது கணக்கெடுப்புக்காக வகுத்த எல்லை. உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே நோக்கம். மாஸ்க்கைப் பலரும் கழற்றிவிடும் விடியற்காலையில்தான் கனவுநிலை உறக்கம் மிகுதி. தசைகள் மிகவும் தளர்ந்து, தடைகள் பலருக்கு நீளும் நேரமும் அதுவே. இதய நோயுள்ளவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சிபாப் பகல்நேர உறக்கத்தைக் குறைத்தது, ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாக நிறுவப்படவில்லை. அதில் பங்கேற்றவர்களின் சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரம்தான். ஆகவே கருவி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று மிகைப்படுத்தவும் கூடாது, அரைகுறையாக அணிந்துவிட்டுப் பயனில்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

பலருக்கு முதலில் தெரியும் மாற்றம், இரவில் சிறுநீர் கழிக்க எழுவது குறைவதுதான். அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கின்றன. தடை நீங்கியதும் அது ஓய்கிறது. காலைத் தலைவலியும் விரைவில் விலகலாம். பகல் அசதி முழுதும் நீங்கச் சிலருக்கு மாதங்கள் ஆகும்.

மாற்று வழிகளும் தொடர் கவனிப்பும்

எவ்வளவு முயன்றும் சிபாப் ஒத்துவராதவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. கீழ்த்தாடையை முன்தள்ளிப் பிடிக்கும் வாய்ச்சாதனம், குறிப்பாக லேசான மற்றும் நடுத்தர நிலையில், நல்ல பலன் தருகிறது. அதைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். தேர்ந்தெடுத்த சிலருக்கு அறுவை சிகிச்சையும், நாக்கு நரம்பைத் தூண்டும் உள்பொருத்துக் கருவியும் உள்ளன. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடைக்குறைப்பு நோயின் தீவிரத்தைத் தணிக்கிறது; டிர்செபடைட் என்னும் மருந்துக்கு, பருமனோடு நடுத்தர அல்லது தீவிர ஆப்னியா உள்ள பெரியவர்களுக்காக அமெரிக்காவில் 2024 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. எடை குறைந்தாலும் மறுபரிசோதனை செய்யாமல் கருவியை நிறுத்தக் கூடாது.

எந்த அறுவை சிகிச்சைக்குச் சென்றாலும் மயக்க மருத்துவரிடம் இந்நோயைச் சொல்லி, கருவியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். விமானப் பயணத்தில் அதைக் கைப்பையோடு வைத்துக்கொண்டு, நீர்த்தொட்டியை முன்பே காலி செய்துவிடுங்கள். கசிவும் ஏஹெச்ஐயும் நல்ல நிலையில் இருந்து, முழு இரவும் அணிந்தும் சில மாதங்களுக்குப் பிறகு பகல் உறக்கம் நீங்கவில்லை என்றால், உறங்கும் நேரமே போதவில்லையா, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, வேறு மருந்துகளின் விளைவு ஏதும் உண்டா என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கும். அந்தச் சந்திப்புக்குக் கருவியின் பதிவுகளோடு, நீங்கள் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் இரண்டு வாரங்களுக்குக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.