மூலக்கூறுக்குள் எலெக்ட்ரான் அசைவதைப் பதிவு செய்வது எப்படி

வருடு ஊடுருவல் நுண்ணோக்கி, கூரிய உலோக முனைக்கும் மாதிரிக்கும் இடையே கசியும் மின்னோட்டத்தைக் கொண்டு ஒரே மூலக்கூறின் உள்வடிவத்தைக் காட்டிவிடும். ஆனால் ஃபெம்டோநொடிகளில் (ஒரு நொடியின் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) நிகழும் எலெக்ட்ரான் அசைவை அதன் மின்சுற்றால் எட்ட முடியாது. ஆகவே இடத்தை அளக்கும் வேலையை முனைக்கும், காலத்தை அளக்கும் வேலையை இரு லேசர் துடிப்புகளின் இடைவெளிக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

எந்த இரு ஆற்றல் நிலைகளைக் கிளறப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவற்றின் வேறுபாடு 1 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) எனில், அவ்விரு நிலைகளுக்கிடையே எலெக்ட்ரான் ஆடும் அதிர்வின் ஒரு சுற்று ஏறத்தாழ 4.1 ஃபெம்டோநொடி, துடிப்பு அதைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும். ஒரு துடிப்பைத் திருப்பும் ஆடியை 150 நானோமீட்டர் நகர்த்தினாலே துடிப்புகளின் இடைவெளி 1 ஃபெம்டோநொடி மாறுவதால், மேசையின் சிறு நடுக்கமும் அளவீட்டைக் குலைக்கும். ஒரு மில்லிமீட்டர் சிலிக்காக் கண்ணாடியைக் கடந்தால் 5 ஃபெம்டோநொடித் துடிப்பு 20 ஃபெம்டோநொடியாக நீண்டுவிடும் என்பதால், துடிப்பின் நீளத்தை லேசரின் வாயிலில் அல்ல, முனையிலேயே சரிபாருங்கள்.

மூலக்கூறை உலோகத்தின்மேல் நேரடியாகப் படியவிட்டால் கிளர்ச்சி உடனே உலோகத்துக்குள் கரைந்துவிடும். மீயுயர் வெற்றிடத்தில், திரவ ஹீலியக் குளிரில், சில அணுக்களின் தடிமனே உள்ள உப்புப் படலத்தை இடையில் இடுவது நல்லது. 2016இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், டெராஹெர்ட்ஸ் (அகச்சிவப்புக்கும் நுண்ணலைக்கும் இடைப்பட்ட) துடிப்புகளால், பென்டசீன் என்ற கரிமச் சேர்மத்தின் ஒற்றை மூலக்கூறின் அசைவைப் பின்தொடர்ந்தவர்களும் அத்தகைய படலத்தையே பயன்படுத்தினர்.

இதில் மிகுந்த கவனம் வேண்டுவது வெப்பம் குறித்தே. லேசர் பட்டதும் முனை விரிகிறது, முனைக்கும் மாதிரிக்கும் இடையிலான தூரம் 0.1 நானோமீட்டர் குறைந்தாலே மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. பல ஒளியியல் அளவீடுகளில் பழகியதுபோல ஒளிக்கற்றையை விட்டுவிட்டு மறைத்து வேறுபாட்டை எடுத்தால், கிடைப்பது எலெக்ட்ரானின் அசைவாக இராது, முனை சூடேறி ஆறுவதாகவே இருக்கும். சராசரி ஒளித்திறனைச் சிறிதும் மாற்றாமல், துடிப்பின் கட்டத்தையோ (துடிப்பினுள் அலையின் முகடு அமையும் இடம்) இரு துடிப்புகளின் இடைவெளியையோ மட்டும் சீராக அசைத்து, அதே அதிர்வெண்ணில் மின்னோட்டம் எவ்வளவு ஆடுகிறது என்று அளவிடுங்கள்.

துடிப்புகளின் கால இடைவெளி சுழியை நெருங்கும்போது அவை இரண்டும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, மூலக்கூறே இல்லாத இடத்திலும் அலைபோன்ற வளைகோட்டைத் தரும். ஆகவே அதே முனையை அருகிலுள்ள வெற்றுப் படலத்துக்கு நகர்த்தி அளவீட்டை மீண்டும் எடுங்கள். துடிப்புகள் முழுதும் விலகிய பின்னரும் மூலக்கூறின்மேல் மட்டும் நீடித்து, நீங்கள் முன்பே கணக்கிட்ட சுற்றுக்காலத்தோடு பொருந்தும் அதிர்வையே எலெக்ட்ரானுக்கு உரியதாகக் கொள்ளலாம்.